கஸ்டம்ஸ் தப்பு செய்ததற்குத் துறைமுகத்துக்கு நான் ஏன் டெமரேஜ் கட்ட வேண்டும்?

கேள்வி இதுதான். பெருந்துறைமுகம் ஒன்றில் இறங்கிய சரக்கைக் கஸ்டம்ஸ் நிறுத்தி வைத்தது. பல மாதம் அலைந்து இறக்குமதியாளர் தீர்ப்பாயத்தில் ஜெயித்தார், சரக்கில் ஒரு குற்றமும் இல்லை என்று உத்தரவும் வந்துவிட்டது. அந்த உத்தரவோடு சரக்கை எடுக்கப் போனால், சரக்கின் விலையையே தாண்டும் அளவுக்கு டெமரேஜ் (குறித்த நாளுக்கு மேல் சரக்கு துறைமுக இடத்தில் கிடப்பதற்கான கட்டணம்) பில்லை நீட்டுகிறார்கள். இது சட்டப்படி செல்லுமா, துறைமுகத்துக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது, அதற்குப் பொறுப்பு என்று எதுவுமே கிடையாதா?

முதல் பாதிக்குப் பதில்: செல்லும். கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும், ஆனால் இதில் நம்பிக்கை வைத்து ரிட் போட்டு இன்னும் ஆறு மாதம் வீணாக்கி, அந்த ஆறு மாதத்துக்கும் சேர்த்து டெமரேஜ் கட்டியவர்கள் ஏராளம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுப்பு உண்டா என்ற இரண்டாம் பாதிக்கும் பதில் 'உண்டு' என்பதுதான், ஆனால் அது நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

அடிப்படை வழக்கு நம்ம ஊர்த் துறைமுகத்தினுடையதுதான். அப்போது அது சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகம். அமின்சந்த் பியாரேலால் என்ற நிறுவனத்தோடு நடந்த அந்த வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இறக்குமதிக் கட்டுப்பாட்டு விவகாரத்தில் சரக்கு மாட்டிக்கொண்டு கிடந்தது, இறக்குமதியாளர் மேல் தவறில்லை, அப்படியிருக்க அவர் மேல் டெமரேஜ் ஏற்றுகிற கட்டண விதியே நியாயமற்றது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. காரணம் எளிது: சரக்கை நிறுத்தி வைத்தது துறைமுகம் இல்லை. அது தன் இடத்தைக் கொடுத்தது, காவல் காத்தது, அரசு ஒப்புதல் பெற்ற கட்டணப் பட்டியலின்படி பில் போட்டது. துறைமுகத்தின் ஷெட்டும் யார்டும் கிடங்கு வியாபாரத்துக்காக இல்லை, கப்பல்கள் வந்து இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பதற்காக. அங்கே ஒரு சரக்கு உட்கார்ந்துகொண்டால் அடுத்ததற்கு இடமில்லை. அதனால்தான் டெமரேஜ் நாளாக நாளாக ஏறும்படி வைக்கப்பட்டிருக்கிறது. யார் தப்பு என்ற விசாரணை அந்தக் கட்டணத்துக்குள் வருவதே இல்லை.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இதே பாதைதான். 1987இல் ஜெய்ஹிந்த் ஆயில் மில்ஸ் வழக்கில் பம்பாய்த் துறைமுகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு. 1995இல் கிராண்ட் ஸ்லாம் வழக்கு. அது விமான நிலையச் சரக்குப் பற்றியது என்றாலும் கேள்வி அதேதான்: கஸ்டம்ஸ் 'எங்களால்தான் தாமதம்' என்று டிடென்ஷன் சான்றிதழ் எழுதிக் கொடுத்தால், சரக்கை வைத்திருப்பவர் கட்டணத்தை விட்டுத்தர வேண்டுமா? வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். 2001இல் சி.எல். ஜெயின் வுல்லன் மில்ஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், கஸ்டம்ஸ் பிடித்து வைத்ததே சட்டவிரோதம் என்று முடிவாகிவிட்டாலும், சரக்கைக் கையில் வைத்திருப்பவரின் உரிமை அதனால் அழியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நடுவில் ஒரு நம்பிக்கைக் கீற்று தெரிந்தது. சுங்கப் பகுதிகளில் சரக்குக் கையாளுவது பற்றி 2009இல் கஸ்டம்ஸ் ஒரு ஒழுங்குமுறை கொண்டுவந்தது. கஸ்டம்ஸ் பிடித்து வைத்த சரக்குக்கு, அதைக் கையில் வைத்திருக்கும் காப்பாளர் வாடகையோ டெமரேஜோ வசூலிக்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. இறக்குமதியாளர்கள் எல்லாரும் இதைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். ஆனால் அந்த வாக்கியத்தின் தலையிலேயே 'நடப்பிலுள்ள வேறு சட்டத்துக்கு உட்பட்டு' என்று ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. 2017இல் ஸ்ரீ லக்ஷ்மி ஸ்டீல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் துண்டைத்தான் பிடித்தது. பெருந்துறைமுகக் கழகச் சட்டம், 1963 (2021 வரை நடப்பில் இருந்தது) என்பது நாடாளுமன்றம் போட்ட சட்டம், அது 'வேறு சட்டம்' என்பதில் அடங்கும், எனவே கஸ்டம்ஸின் ஒழுங்குமுறை மும்பைத் துறைமுகத்தின் கையைக் கட்டாது. வருவாய்ப் புலனாய்வுத் துறை டெமரேஜைக் கட்டட்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததும் ரத்து. சட்டத்தைப் படித்தால் இந்தத் தீர்ப்பு சரிதான் என்பது என் எண்ணம். ஆனால் ஒரு அரசுத் துறையின் தப்புக்கு இன்னொரு அரசு அமைப்பிடம் குடிமகன் தண்டம் கட்டுகிற நிலையை நாடாளுமன்றம் இத்தனை வருடமாக அப்படியே விட்டு வைத்திருப்பதற்குச் சமாதானம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த 2017 தீர்ப்பிலேயே பயனுள்ள ஒரு விஷயம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. சுங்கச் சட்டம் 49ஆம் பிரிவின்படி, உடனே கிளியர் பண்ண முடியாத சரக்கை வேறு கிடங்குக்கு மாற்றிவைக்க இறக்குமதியாளர் விண்ணப்பிக்கலாம். டெமரேஜ் ஏறும் துறைமுக இடத்திலிருந்து சரக்கு வெளியே போய்விடும், சாதாரணக் கிடங்கு வாடகையோடு போகும். 'வழி இருந்தும் நீங்கள் அதைக் கேட்கவில்லையே' என்று நீதிமன்றம் இறக்குமதியாளரைப் பார்த்துக் கேட்டதும் இதைத்தான். கஸ்டம்ஸ் கைவைத்த முதல் வாரத்திலேயே இந்த மனுவைக் கொடுத்துவிடுங்கள். மறுத்தாலும் பரவாயில்லை, மறுத்த கடிதம் பின்னால் உதவும்.

விதிவிலக்குகளும் உண்டு. சரக்கு இருப்பது துறைமுகத்திலா தனியார் சிஎஃப்எஸ்ஸிலா (கன்டெய்னர் சரக்கை வைத்துக் கையாளும் நிலையம்) என்று முதலில் பாருங்கள். சிஎஃப்எஸ் சுங்கச் சட்டத்தின் கீழ் அனுமதி வாங்கி நடத்தப்படுவது, அதற்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. அதனால் 2009 ஒழுங்குமுறை அதைக் கட்டும் என்று வாதாட நல்ல இடமிருக்கிறது, உயர் நீதிமன்றங்கள் அதை ஏற்றதும் உண்டு. அடுத்து, கஸ்டம்ஸிடமே டெமரேஜை வாங்கும் வழி. 1998இல் சஞ்சீவ் வுல்லன் மில்ஸ் வழக்கில் கஸ்டம்ஸ்தான் டெமரேஜைச் சுமக்க வேண்டும் என்று ஆனது, ஆனால் அங்கே கஸ்டம்ஸின் உயர் அதிகாரியே பொறுப்பேற்று உத்தரவு போட்டிருந்தார். அப்படி ஒரு காகிதம் உங்களிடம் இல்லையென்றால் அந்தத் தீர்ப்பை நீட்டிப் பயனில்லை. மூன்றாவது, துறைமுகத்திடமே தள்ளுபடி கேட்பது. 1963 சட்டத்தின் 53ஆம் பிரிவு கட்டணத்தை முழுதாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்கும் அதிகாரத்தைக் கழகத்துக்குக் கொடுத்திருந்தது. உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் உங்கள் மனுவைக் காரணம் சொல்லாமல் தூக்கிப் போட்டால், அதை எதிர்த்து ரிட் போகலாம். இந்த ரிட்டுக்குத்தான் உயிர் இருக்கிறது, டெமரேஜையே எதிர்க்கும் ரிட்டுக்கு இல்லை.

அதிகாரம் இதோடு முடியவில்லை. 1999இல் ஸ்ரீயானேஷ் நிட்டர்ஸ் வழக்கு. பழைய சரக்குகளுக்கான பாக்கி இருக்கிறது என்று சொல்லி, புதிதாக வந்த சரக்கைப் பம்பாய்த் துறைமுகம் விட மறுத்தது. 'இந்தச் சரக்குக்கான கட்டணத்தைக் கட்டிவிட்டேன், இதை எப்படிப் பிடிக்கலாம்?' என்பது இறக்குமதியாளரின் வாதம். ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு வங்கி, வாஃபிஞ்சர் (கப்பல் துறையில் சரக்கை இறக்கி வைத்துக் காப்பவர்) போன்ற சிலருக்குப் பொதுப் பற்றுரிமை தருகிறது. அதாவது மொத்த பாக்கிக்கும் கையிலுள்ள எந்தப் பொருளையும் பிடித்து வைக்கலாம். துறைமுகம் ஒரு வாஃபிஞ்சர்தான், அதன் சொந்தச் சட்டம் இந்த உரிமையைப் பறிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய பாக்கியை வைத்துக்கொண்டு புதுச் சரக்கைத் தைரியமாக இறக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கப்பலும் தப்ப முடியாது: கட்டணம் கட்டாத கப்பலைத் துறைமுகமே பிடித்து நிறுத்தவும், அப்படியும் கட்டாவிட்டால் விற்கவும் 1963 சட்டத்தின் 64ஆம் பிரிவு இடம் கொடுத்தது.

சரி, இப்போது மறுபக்கம்.

துறைமுகத்தின் அதிகாரமெல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது: சரக்கு அதன் கையில் இருக்கிறது. பொறுப்பும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. கப்பலிலிருந்து சரக்கைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுத்த கணத்திலிருந்து, ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்கு ஒப்பந்தச் சட்டம் என்ன பொறுப்பு வைக்கிறதோ அது துறைமுகத்துக்கும் உண்டு என்று 1963 சட்டத்தின் 43ஆம் பிரிவு சொன்னது. ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவிலுள்ள அளவுகோல் பிரபலமானது: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ அந்த அளவு கவனம். பொருள் காணாமலோ கெட்டோ போனால், தான் அந்தக் கவனத்தோடுதான் இருந்தேன் என்று நிரூபிக்கும் சுமை வைத்திருந்தவர் மேல்தான். உங்களுக்கு இது பெரிய சாதகம். ஷெட்டுக்குள் அன்றிரவு என்ன நடந்தது என்று உங்களால் எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் நடைமுறையில் இந்த வழக்குகள் தோற்பது சட்டத்தில் இல்லை, காகிதத்தில். ஒரு மரப்பெட்டி கப்பலிலிருந்து கிரேனில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே டேலி கிளார்க் எண்ணிக் குறிக்கிறார். பலகை உடைந்திருந்தால் 'சேதத்துடன் இறங்கியது' என்று அப்போதே குறிப்பு விழும்; அது விழுந்துவிட்டால் சேதம் கப்பல் கணக்கு. குறிப்பு இல்லாமல் சுத்தமான ரசீது கொடுத்துவிட்டால் சேதம் துறைமுகக் கணக்கு. இரண்டு மாதம் கழித்துப் பெட்டி உங்கள் லாரியில் ஏறும்போது, 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று உங்கள் கிளியரிங் ஏஜென்ட்டின் பையன் அவசரத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது, சேதம் உங்கள் கணக்கு. இந்த மூன்று காகிதத்துக்கு நடுவில்தான் வழக்கு முழுவதும் ஓடும். சந்தேகம் இருந்தால் லாரியில் ஏற்றுவதற்கு முன்பே சர்வே கேளுங்கள், கேட்டதை எழுத்தில் கேளுங்கள். குறைவு, இழப்பு பற்றி நோட்டீஸ் கொடுக்க ஒவ்வொரு துறைமுகத்தின் விதிகளிலும் குறுகிய கெடு இருக்கும், அதையும் விடக் கூடாது.

கெடு என்றதும் இன்னொரு கண்ணி. 1963 சட்டத்தின் 120ஆம் பிரிவின்படி, அந்தச் சட்டத்தின் கீழ் செய்த எதற்காகவும் கழகத்தின் மேல் வழக்குப் போட ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டியிருந்தது, காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் போட்டாகவும் வேண்டியிருந்தது. சாதாரண வியாபார வழக்குக்கு மூன்று வருடம் என்று பழகிய வக்கீல்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். பழைய சென்னைத் துறைமுகச் சட்டத்திலும் இதே மாதிரி ஒரு பிரிவு இருந்தது. வசூலித்த கட்டணத்தைத் திருப்பிக் கேட்ட ஹிமான்ஷு இன்டர்நேஷனல் வழக்கில் துறைமுகம் அதைக் கேடயமாகத் தூக்கியபோது, ஒரு பொது அமைப்பு குடிமகனின் நியாயமான கோரிக்கையை இப்படிக் காலவரம்பைக் காட்டி முறியடிப்பது வருந்தத்தக்கது என்று 1979இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. எல்லா மனுக்களிலும் இந்தக் கண்டிப்பை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் கண்டிப்பு வேறு, சட்டம் வேறு. அந்த வாதத்தை எழுப்ப வேண்டாம் என்றுதான் அறிவுரை, எழுப்பினால் செல்லாது என்று அங்கே சொல்லவில்லை. கெடுவுக்குள் போய்விடுங்கள்.

பில் யார் தலையில் என்பது தனிச் சண்டை, பல பத்தாண்டுகள் நடந்தது. இறக்குமதியாளர் வரவே இல்லையென்றால் துறைமுகம் கைக்கு எட்டிய ஸ்டீமர் ஏஜென்ட்டை, அதாவது கப்பல் கம்பெனியின் உள்ளூர்ப் பிரதிநிதியைப் பிடிக்கும். ஏஜென்ட்டோ, சரக்கு இறங்கியதும் என் வேலை முடிந்தது என்பார். தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரணாக வந்துகொண்டிருந்தன. கொச்சித் துறைமுகத்தில் கந்தல் கம்பளித் துணி என்ற பெயரில் வந்து, யாரும் எடுக்காமல் கன்டெய்னர் கன்டெய்னராகக் கிடந்த சரக்கு பற்றிய வழக்கில், 2020 ஆகஸ்டில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு ஒரு முடிவு கட்டியது. அரேபீ ஸ்டார் வழக்கு என்பார்கள். இறக்கி, சேமிக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் வரை ஆகும் கட்டணங்களுக்குக் கப்பலையோ ஏஜென்ட்டையோ கேட்கலாம். துறைமுகம் சரக்கைப் பொறுப்பேற்று ரசீது கொடுத்த பிறகு ஓடும் கட்டணம் சரக்கின் உரிமையாளர் அல்லது அதைப் பெற உரிமையுள்ளவர் தலையில்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. துறைமுகம் அரசியல் சாசனத்தின் 12ஆம் பிரிவின்படி 'அரசு', ஆகவே நியாயமாக நடக்கக் கடமைப்பட்டது. எடுக்காத சரக்கை விற்கச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல், கன்டெய்னரை வருடக்கணக்கில் அப்படியே வைத்துக்கொண்டு வாடகை மீட்டரை ஓடவிட முடியாது. கைவிடப்பட்ட கன்டெய்னருக்கு 75 நாளோடு வாடகையை நிறுத்த வேண்டும் என்று கட்டண ஒழுங்குமுறை அமைப்பான டாம்ப் முன்பே உத்தரவு போட்டிருந்தது, அதுவும் இந்தச் சண்டையில் பேசப்பட்டது. டெமரேஜ் தொகை உங்களைக் கொல்கிறது என்றால் வாதத்தை இங்கே வையுங்கள்: 'கட்டணம் போட்டது தப்பு' என்று சொல்லாதீர்கள், 'இத்தனாம் தேதிக்குப் பிறகு நீ விற்றிருக்க வேண்டும், ஏன் விற்கவில்லை' என்று கேளுங்கள். வழக்கில் சிக்கிய சரக்கை விற்க முடியாது என்பார்கள், சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால் எந்தத் தடையும் இல்லாத மாதங்களும் கணக்கில் இருக்கும், தேதி வாரியாக எடுத்துப் பாருங்கள்.

விற்காமல் போட்டு வைப்பது பணப் பிரச்சினை மட்டும் இல்லை. 2020இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்தது நினைவிருக்கும், கிடங்கில் பல வருடம் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். அதே வாரம் நம்ம ஊரிலும் தேடிப் பார்த்தார்கள்: 2015இல் கஸ்டம்ஸ் பறிமுதல் செய்த சுமார் 700 டன் அதே சாமான் மணலியில் ஒரு சிஎஃப்எஸ்ஸில் இருந்தது. அதன் பிறகுதான் ஏலமும் ஹைதராபாத்துக்கு அனுப்புவதும் வேகமாக நடந்தன.

விபத்துப் பொறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் அரசின் தீங்குப் பொறுப்புச் சட்டமே ஒரு கப்பல் தளத்தில்தான் ஆரம்பிக்கிறது. கல்கத்தாவின் கிதர்பூர் தளத்தில் அரசுத் தொழிலாளர்கள் கனமான இரும்புத் துண்டைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்கிறார்கள், பி அண்ட் ஓ கம்பெனியின் குதிரை வண்டி வருகிறது, பதறிப்போய் முன்னால் இருந்தவர்கள் ஒரு பக்கமும் பின்னால் இருந்தவர்கள் மறுபக்கமும் இழுக்கிறார்கள், இரும்பு சத்தத்தோடு நடுச் சாலையில் விழுகிறது, மிரண்ட குதிரை அதன் மேலேயே பாய்ந்து காயப்படுகிறது. நஷ்டஈடு 350 ரூபாய். 1861இல் வந்த தீர்ப்பு, கப்பல் தளம் நடத்துவது யாரும் செய்யக்கூடிய வேலை, இறையாண்மைச் செயல் இல்லை, எனவே அரசு பொறுப்பு என்றது. ஐந்து வருடம் கழித்து இங்கிலாந்தில் லிவர்பூல் துறைமுகத்தின் வாயிலில் சேற்று மேட்டில் கப்பல் தட்டிய மெர்சி டாக்ஸ் வழக்கில், லாபம் பார்க்காத பொது அறங்காவலர்கள் என்பதற்காகத் துறைமுகத்தாருக்கு விலக்கு கிடையாது என்று பிரபுக்கள் அவை சொன்னது. இந்த இரண்டின் மேல்தான் இன்றைக்கும் துறைமுகத்தின் அலட்சியத்துக்கான வழக்குகள் நிற்கின்றன. துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் விஷயம் மட்டும் தலைகீழ். 1908 இந்தியத் துறைமுகங்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவு பைலட்டின் தவறுக்கு அரசு பொறுப்பில்லை என்று வைத்திருந்தது. துறைமுகம் அனுப்பிய பைலட் மேலே நின்று வழிகாட்டிக்கொண்டிருக்கும்போதே கப்பல் ஜெட்டியில் இடித்தாலும், பில் கப்பல்காரருக்குத்தான் போகும்.

நில வாடகை வழக்குகள் ஒரு தனி உலகம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற துறைமுகம்கூட வீட்டுக்காரனைப் போல இஷ்டத்துக்கு நடக்கக் கூடாது என்று துவாரகாதாஸ் மர்ஃபாதியா வழக்கில் 1989இல் சொன்னார்கள். சொல்லிவிட்டு அந்தக் குடித்தனக்காரரை வெளியேற்றியதைச் செல்லும் என்றும் தீர்த்தார்கள். நியாயக் கடமை என்ற வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது நல்ல அளவு.

இப்போது சட்டம் மாறிவிட்டது. 2021 நவம்பரில் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்து 1963 சட்டம் போய்விட்டது, கழகங்கள் ஆணையங்கள் ஆயின. கட்டணத்தை ஆணையத்தின் குழுவே நிர்ணயிக்கலாம், டாம்ப் கிடையாது, அதற்குப் பதிலாக ஒரு தீர்வு வாரியம். துறைமுகத்தைப் பயன்படுத்துவோரின் புகார்களும் அங்கே போகலாம். முன்பெல்லாம் 'கட்டணம் வெளியே ஒரு அமைப்பு போட்டது, எங்கள் கையில் இல்லை' என்று துறைமுகம் நழுவிக்கொள்ளும். இப்போது கட்டணம் போடுவதும் அதுவே, வசூலிப்பதும் அதுவே, அதனால் நியாயமற்ற கட்டணம் என்ற வாதத்துக்கு முன்பைவிடக் கொஞ்சம் வலு கூடியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் உங்கள் சரக்கு எந்தத் தேதியில் இறங்கியது என்று பார்த்து, எந்தச் சட்டம் பொருந்தும் என்று முதலில் தீர்மானியுங்கள்.

உங்கள் விஷயத்தில் இன்றைக்கே செய்ய வேண்டியது: தள்ளுபடி மனுவைத் துறைமுகத் தலைவருக்குக் கொடுங்கள், தீர்ப்பாய உத்தரவையும் கஸ்டம்ஸின் டிடென்ஷன் சான்றிதழையும் இணையுங்கள், நாள் வாரியாக ஒரு அட்டவணையும் போடுங்கள். அதோடு நிற்காமல், மீட்டர் ஓடாமல் இருக்க, தகராறுக்கு உட்பட்டு என்று எழுதிக் கட்ட முடிந்ததைக் கட்டிச் சரக்கை எடுத்துவிடப் பாருங்கள், அல்லது வங்கி உத்தரவாதத்தின் பேரில் விடும்படி உயர் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். சரக்கின் மதிப்பைவிடப் பில் பெரிதாகிவிட்டது என்றால் எடுப்பதா கைவிடுவதா என்பதையும் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். கைவிடுவதென்றால் உள்நாட்டு உபயோகத்துக்குச் சரக்கை விடுவிக்கும் உத்தரவு வரும் முன், சுங்கச் சட்டம் 23ஆம் பிரிவின் கீழ் எழுத்தில் உரிமையை விட்டுக்கொடுத்தால் தீர்வையாவது மிஞ்சும், துறைமுகப் பாக்கி மட்டும் தனியாக நிற்கும்.